விரல் பதியாத தகடு

அன்புத் தும்பிக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம், அங்கே நீ சுகமா என்று ஆரம்பிப்பதுதான் முறை, ஆனால் இந்தத் தடவை அதை நான் முறைக்காகக் கேட்கவில்லை, பதில் தெரிந்தே ஆக வேண்டும் என்று கேட்கிறேன். இந்தக் காலத்தில் யாரம்மா பேனா பிடித்து எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். சிரி. எனக்கே விரல் கடுக்கிறது, தப்பாக எழுதினால் திரும்ப எடுக்க ஒரு பட்டனும் இல்லை, அடித்து அடித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. போனில் அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற அந்த மஞ்சள் படத்தை ஒன்று தட்டிவிட்டு ஓடிவிடுவாய். அதோடு போன வருஷம் நீ கருத்தரங்கில் பெரிய திரையில் கிராஃப் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது, தலைக்குக் குளிச்சா நல்லா துவட்டிட்டுப் படு என்று நான் அனுப்பியது சரியாக அந்தக் கிராஃபின் தலைமேல் வந்து உட்கார்ந்ததும், உன் ஆராய்ச்சிக் கைடு இது என்ன எழுத்து, அழகாகச் சுழிக்கிறதே, என்ன சொல்கிறது என்று கேட்டதும், ரிசல்ட் எப்படி வந்திருக்குன்னு அம்மா கேக்குறாங்க என்று நீ கண் சிமிட்டாமல் சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. இன்றைக்கு எழுதுகிற விஷயம் எந்தத் திரையிலும் வரக் கூடாது, அதுவும் உன் நேர்காணல் நெருங்குகிற சமயத்தில். அதனால்தான் காகிதம்.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் மறந்துவிடுவேன். வெயில் ஏறிவிட்டதால் அப்பாவுக்கு ஏசி ரிப்பேர் வேலை தலைக்கு மேல். முட்டி வலிக்கிறது என்று முனகிக்கொண்டே மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே தொங்குகிறார், சொன்னால் கேட்பதில்லை. உன் அத்தை போன் செய்தால் முதல் கேள்வி, உம்மக இன்னும் பசை காய்ச்சிக்கிட்டுத்தான் இருக்காளா என்பதுதான். நான் விடுவேனா. அண்ணி, அது பசை இல்ல, கம்பாசிட், கார்பன் துணிய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ரெசின் விட்டு இறுக்கினா இரும்பை விடக் கெட்டி, எடை கால்வாசி கூட இல்ல, நீங்க போன தடவை ஏறின விமானத்துக்கு இறக்கையே அதுதான் என்று மூச்சு விடாமல் சொன்னேன். துணிதான்னா ஒரு தையல் கடை வெச்சிருக்கலாமே, நாலு வரனாவது வந்திருக்கும் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா சிரித்துத் தொலைத்தார். அன்றைக்கு அவருக்குக் காபி ஆறிப்போய்த்தான் கிடைத்தது.

என் வேலை நன்றாகப் போகிறது. கல்யாண வீடியோ, பிறந்தநாள் வீடியோ என்று வந்துகொண்டே இருக்கிறது. நீ தெர்மோடைனமிக்ஸ் பாடம் பார்க்க, நான் எடிட்டிங் பாடம் பார்க்க, ஒரே கம்ப்யூட்டருக்கு நாம் இரண்டு பேரும் அடித்துக்கொண்டோமே, அப்போது உன் பாடத்தைப் பாதி நானும் என் பாடத்தைப் பாதி நீயும் கற்றுக்கொண்டோம். பத்தொன்பது வயசில் உன்னைப் பெற்றவள் நான், உன்னோடு சேர்ந்துதான் வளர்ந்தேன் என்று உன் அப்பா கிண்டல் செய்வது சரிதான். இப்போது எனக்கு வருகிற வேலையில் முக்கால்வாசி முகத்தை நிறம் திருத்துவது. மண்டபத்து விளக்கு ஒன்று மஞ்சள், ஒன்று நீலம், நடுவில் மணப்பெண் பச்சையாகத் தெரிவாள். ஒரு வெள்ளைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அதை முதலில் உண்மையான வெள்ளைக்குக் கொண்டுவந்தால் போதும், மற்ற எல்லோருடைய முகமும் தன் நிறத்துக்கு வந்துவிடும். யார் அழுதார்கள், யார் தூங்கவில்லை, யார் முகத்தில் என்ன பூசி எதை மறைத்திருக்கிறார்கள் என்று எனக்கு உடனே தெரிந்துவிடும். இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்று கொஞ்ச நேரத்தில் உனக்குப் புரியும்.

உன் லேப் போடுகிற வீடியோ ஒன்று விடாமல் பார்க்கிறேன், முதல் லைக் எப்போதும் என்னுடையது, தும்பிரசிகை என்ற பெயரில் வரும் கமென்ட் எல்லாம் ஏதோ மெஷின் போடுகிறது என்று உன் லேப் ஆட்கள் நினைத்தார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு ஒரே பெருமை. கார்பன் ஃபைபர் என்றால் கறுப்பு பிளாஸ்டிக்தானே என்று எழுதின ஒருத்தனோடு இரண்டு நாள் சண்டை போட்டு அவனை மன்னிப்புக் கேட்க வைத்தேன். உன் முதல் கட்டுரை வந்தபோது ஒரு சொல் புரியாமல் நாலு வீடியோ பார்த்து, அடுக்கு விட்டுப் போவதற்குத்தான் டிலாமினேஷன் என்று பெயர் என்று கண்டுபிடித்து, கட்டிலில் அடுக்கி வைத்த போர்வையை உருவிக் காட்டி அப்பாவுக்குப் பாடம் எடுத்தேன். நீ செய்கிற கார்பன் தகடு மட்டும் ஏன் ஒரே மாதிரி பலத்தோடு வருகிறது, மற்றவர்கள் செய்வது ஏன் ஒன்று கூட ஒன்று குறைய வருகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரியும். வீடியோவில் பார்த்திருக்கிறேன். ரோலர் ஓட்டி முடித்ததும் ஒரு பக்குவம் பார்ப்பாய், வலது கை கிளவுஸைக் கழற்றிவிட்டு வெறும் ஆள்காட்டி விரலால் தகட்டின் ஓரத்தில் ஒரு தொடு. ஒட்டுகிறதா, நூல் விடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே பை போட்டுக் காற்றை உறிஞ்ச விடுவாய். பிறகு நகப்பூச்சு அழிக்கிற அந்த அசிட்டோனில் நனைத்த துணியில் விரலைத் துடைத்துக்கொள்வாய். இவளுடைய விரல்தான் எங்கள் லேபிலேயே சரியான மீட்டர் என்று உன் கைடு சிரித்தார். நீ செய்த ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் உன் விரல் ரேகை அப்படியே இறுகிப்போய் இருக்கும், நான் பெரிதாக்கிப் பார்த்து முத்தம் கொடுத்திருக்கிறேன், கம்ப்யூட்டர் திரைக்கு.

இப்போது நீ கோபித்துக்கொள்ளப் போகிற பகுதி. உன் பிறந்தநாளுக்கு நானே ஒரு தகடு செய்து அனுப்பலாம் என்று ஆசை வந்தது. ஆன்லைனில் கண்ணாடி நார் துணியும் ரெசினும் ஹார்டனரும் வரவழைத்தேன், அதுதான் ரெசினை இறுக வைக்கிற அந்தத் தண்ணி மாதிரியான சாமான். அப்பாவின் மேஜையில் பழைய ஏசி மூடிமேல் வைத்துச் செய்தேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒன்று, ஒவ்வொன்றும் அதற்கு முந்தினதை விடக் கேவலம், முதலாவதைப் பார்த்துவிட்டு அப்பா இது அப்பளமா என்று கேட்டார். நீ செய்கிற மாதிரியே அச்சு அசலாகச் செய்தேன் தெரியுமா. கிளவுஸைக் கழற்றி, வெறும் விரலால் தொட்டு, அசிட்டோனில் துடைத்து, எல்லாம் உன்னைப் பார்த்துத்தான். கடைசித் தகடு செய்த மறுநாள் காலையில் கண்ணாடி பார்த்தேன், இரண்டு இமையும் வீங்கிச் சிவந்து, விரலிடுக்கெல்லாம் பொரிப்பொரியாக, நான் யார் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. தோல் டாக்டரம்மா என்ன வேலை பாக்குறீங்க என்றார். வீடியோ எடிட்டிங் என்றேன். அதுல இப்படி வராதே என்றார். பிறகுதான் அசட்டுச் சிரிப்போடு ரெசின் கதையைச் சொன்னேன், கிளவுஸ் போட்டுத்தான் டாக்டர் செஞ்சேன் என்றேன். எந்த கிளவுஸ், எப்பக் கழட்டுனீங்க என்று கேட்டார். ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்க்க மட்டும் என்றேன், உடனே அசிட்டோன் போட்டுக் கழுவிவிட்டேன் என்றேன். கழுவலம்மா, அந்தக் கெமிக்கலக் கையப் புடிச்சுத் தோலுக்குள்ள கூட்டிட்டுப் போய் விட்டிருக்கீங்க என்றார். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க முதுகு முழுக்கச் சின்னச் சின்ன ஒட்டு ஒட்டி, குளிக்காமல் இருந்து திரும்ப வரச் சொன்னார். அப்பா என் முதுகைப் பார்த்து, கூரியர் பொட்டலம் மாதிரி இருக்க என்று சிரித்தார். எல்லா ஒட்டும் சும்மா இருக்க, ஹார்டனர் ஒட்டின இடம் மட்டும் தணல் பட்ட மாதிரி. இது அலர்ஜி, உடம்பு இதை ஒரு தடவை கத்துக்கிடுச்சுன்னா மறக்காது, இனிமே ஒரு துளி பட்டாலும் வரும், உங்களுக்கு இது பொழுதுபோக்கு, விட்டுடுங்க, இதையே தொழிலா வெச்சிருக்கவங்க பாடுதான் கஷ்டம், சிலருக்குத் தோலோட நிக்கிறதில்ல, நெஞ்சுக்குள்ள இறங்கிடும், மூச்சுல விசில் கேட்டா அந்த நிமிஷமே நிறுத்தணும் என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அந்த நிமிஷம் வரைக்கும், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உன் நினைப்பு வரவே இல்லை. உன்னைப் பற்றி எனக்கு இருந்தது பெருமை மட்டும்தான், பெருமை கண்ணை எப்படி மறைக்கிறது பார்.

அன்று சாயங்காலம்தான் உன் லேபின் புது வீடியோ வந்தது. வழக்கம்போல முதல் லைக் போட்டுவிட்டுப் பார்க்க உட்கார்ந்தேன். நீ கண்ணாடி போட்டிருந்தாய். நீ எப்போதிலிருந்து கண்ணாடி போடுகிறாய் என்று யோசித்தேன். முழுக்கை சட்டை, அந்த வெயிலில், பக்கத்தில் இருந்த உன் லேப் தோழி கையில்லாத சட்டையில் வியர்த்துக்கொண்டிருக்கிறாள். உன் இமையில் ஒரு நிறம் இருந்தது. லேப் டியூப்லைட் பச்சை அடிக்கிறது, அதனால்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அந்தப் படத்தை எடுத்து என் மென்பொருளில் போட்டு, பின்னால் தொங்கிய வெள்ளைக் கோட்டைப் பிடித்து வெள்ளையாக்கினேன். உன் தோழி அவள் நிறத்துக்கு வந்தாள். உன் கைடு அவர் நிறத்துக்கு வந்தார். சுவர் சுவராக வந்தது. உன் இமை மட்டும் சிவப்பாகவே நின்றது, தும்பி. பழைய வீடியோவை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகத் திருத்திப் பார்த்தேன், மழைக்காலத்தில் போட்டதில் ஒன்றும் இல்லை, அதற்கடுத்ததில் விரலிடுக்கில் மட்டும், அதற்கடுத்ததில் மணிக்கட்டு, பிறகு முழுக்கை சட்டை வந்துவிட்டது. அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. வீடியோ காலில் நெட் ஸ்லோம்மா என்று நீ கேமராவை அணைத்துவிட்டுப் பேசினதெல்லாம் ஞாபகம் வந்தது. நெட் ஸ்லோவாக இருக்கிறவள் அதே நேரத்தில் எப்படி அவ்வளவு பெரிய வீடியோவை ஏற்றினாள், யாரிடம் காது குத்துகிறாய், நான் இதிலேயே குடித்தனம் நடத்துகிறவள்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தூக்கம் இல்லாம கண்ணு செவந்திருக்கும், உனக்கு வந்ததெல்லாம் ஊருக்கே வரணுமா என்றார். அவருக்கும் பயம்தான், பயந்தால் அவர் எரிந்து விழுவார், உனக்குத் தெரியாதா. அப்புறம்தான் நீ போன வாரம் அனுப்பின குரல் செய்தியை எடுத்தேன், நேர்காணலுக்கு நாலு புதுத் தகடு செய்யணும்மா, குழுவுக்கு லேபைச் சுத்திக் காட்டணும், உதவிப் பேராசிரியர் வேலை கிட்டத்தட்ட என் கையில இருக்கு என்று சந்தோஷமாகச் சொன்னாயே, அது. என் தொழிலில் பேச்சுக்கு நடுவில் வருகிற மூச்சை எல்லாம் வெட்டிப் போட்டுவிடுவோம், கேட்கிறவர்களுக்கு இடைஞ்சல் என்று. உன்னுடையதில் பேச்சை வெட்டிவிட்டு மூச்சை மட்டும் ஒன்றாகச் சேர்த்து ஓட விட்டேன். ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும் மெல்லிசாக ஒரு கீச்சு. அப்பா எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து, இன்னொரு தடவ போடு என்றார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், ஏசி மெஷின் பக்கத்தில் காது வைத்துக் கேட்பாரே, அதே மாதிரி. ஃபில்டர் அடைச்ச சத்தம் என்றார். மறுநாள் வேலைக்கே போகவில்லை, அந்த மூன்றாவது மாடிக்காரர் போன் மேல் போன் போட்டும் எடுக்கவில்லை.

அன்றைக்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். படித்தேன், எல்லாவற்றையும் படித்தேன், படித்திருக்கவே கூடாது. உன் மாதிரியே லேபில் வேலை செய்தவர்கள் எழுதினதைத் தேடித் தேடிப் படித்தேன். மாடிப்படி ஏற முடியவில்லை என்று ஒருத்தர் எழுதியிருந்தார். கடைசியில் ரெசின் வாசம் வருகிற கட்டடத்துக்குள்ளேயே நுழைய முடியவில்லை என்று ஒரு பெண் எழுதியிருந்தாள், அவளுக்கும் உன் வயசுதான். நீயும் இதையெல்லாம் படித்திருப்பாய். என்னை விட நூறு மடங்கு உனக்குத் தெரியும். தெரிந்துதான் கண்ணாடி போட்டாய், தெரிந்துதான் சட்டையை மாற்றினாய். ஏன் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். உன் பெயரே அந்த விரலில் இருக்கிறது. இவளால் இனி ரெசின் தொட முடியாது என்று தெரிந்தால் அந்தக் குழு என்ன நினைக்குமோ என்று நீ பயப்படுகிறாய். வேலை கிடைத்துவிடட்டும், அப்புறம் டாக்டரிடம் போகலாம், இன்னும் நாலு தகடுதானே என்று கணக்குப் போட்டிருக்கிறாய். உன் பயம் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியாது. சொன்னதால் வேலை போனாலும் போகலாம், போகாது என்று நான் ஆணையிட்டால் அது அம்மாவின் ஆசை, உண்மை இல்லை.

உன் கைடின் முகவரி உன் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே நட்சத்திரம் போட்டு இருக்கிறது. அவருக்கு ஒரு மெயில் அடித்து வைத்தேன். அப்பா அனுப்பு அனுப்பு என்கிறார். அவ என் பொண்ணு, வேலை போனா இன்னொண்ணு வாங்கிக்குவா, நெஞ்சு போனா எங்க வாங்குறது என்று கத்தினார். நான் மாட்டேன் என்றேன். ஆராய்ச்சிக்காரியின் உடம்பைப் பற்றி அவள் அம்மா அவள் முதலாளிக்கு எழுதினால் நாளைக்கு அந்த லேபில் நீ எப்படி நிமிர்ந்து நடப்பாய். ஒரு நாள் முழுக்க அவர் கூடத்திலும் நான் சமையலறையிலுமாகத் தனித்தனியாகச் சாப்பிட்டோம், உன் அத்தை போன் செய்தபோது கூட நாங்கள் சண்டை போடவில்லை என்றால் பார்த்துக்கொள். அந்த மெயில் அப்படியே கிடக்கிறது. அழிக்க மனசில்லை, அனுப்பக் கை வரவில்லை. நீ சொல்லாமல் அது போகாது, அந்தப் பயத்தை மட்டும் நீ வைத்துக்கொள்ள வேண்டாம்.

அம்மாவால் கேட்கத்தான் முடியும், கேட்கிறேன். அந்த நாலு தகட்டையும் நீ தொடாதே. முதலில் தோல் டாக்டரிடம் போ, முதுகில் ஒட்டச் சொல், நெஞ்சையும் காட்டு, கண்ணுக்கு மட்டும் மருந்து வாங்கிக்கொண்டு நெஞ்சை மறைக்காதே. அப்புறம் உன் கைடிடம் நீயே சொல், நேர்காணலுக்கு முன்னாலேயே சொல். தகட்டை உன் தோழி செய்யட்டும், நீ கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லிக் கொடு. அந்தப் பக்குவம் உன் விரலிலா இருக்கிறது. எத்தனை தரம் ஓட்டணும், எப்போது நிறுத்தணும், எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் என்று இத்தனை வருஷமாக நீ பார்த்துப் பார்த்துச் சேர்த்தது எல்லாம் உன் தலைக்குள் இருக்கிறது, விரல் அதை ஒத்துக்கொள்கிற வேலையைத்தான் செய்தது. அதை ஒரு மெஷின் செய்யாதா. இறுகுகிற நேரத்தைக் கம்பி வழியாக அளக்கிற ஒன்றைப் பற்றி நீயே ஒரு வீடியோவில் சொன்னாய், விரல் இருக்கும்போது அதற்கு எதற்குச் செலவு என்று அப்போது சிரித்தார்கள், நானும் சிரித்துக் கமென்ட் போட்டேன். அந்தக் கமென்டை நேற்று எடுத்துவிட்டேன்.

இதோடு ஒரு பொட்டலம் வந்திருக்கும். நன்றாக இறுகிக் காய்ந்ததுதான், அப்பா கனமான கிளவுஸ் போட்டுக்கொண்டு இரண்டு உறைக்குள் வைத்து ஒட்டினார், என்னைப் பக்கத்திலேயே விடவில்லை. நீயும் உறையைப் பிரிக்காதே, வெளியிலிருந்தே நன்றாகத் தெரியும். நான் கடைசியாகச் செய்த தகடு. வளைந்திருக்கும், உள்ளே குமிழி குமிழியாக இருக்கும், பலம் பார்க்கிற உன் மெஷினில் மாட்டப் போனால் மாட்டுவதற்கு முன்னாலேயே உடைந்துவிடும். வலது ஓரத்தைப் பார், என் விரல் பதிந்திருக்கும். உன் விரல் பதிகிற அதே இடத்தில்தான் தொட்டேன். அதைக் கிளவுஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி வை. உறைமேல் அப்பா ஏதோ எழுதியிருக்கிறார், ஃபில்டர் அடைச்சா மெஷினை நிறுத்திட்டுத்தான் கழட்டணும், ஓட விட்டுக்கிட்டே பாக்கக் கூடாது என்று. அவருக்குத் தெரிந்த வழியில் கெஞ்சியிருக்கிறார், கிண்டல் செய்யாதே.

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம், எழுதினால் நல்லாத்தான்மா இருக்கேன் என்றுதான் எழுதுவாய். அடுத்த வீடியோ வரும்போது நான் உன் முகத்தைத் தேட மாட்டேன், முகத்தை நீ மறைத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். தகட்டின் ஓரத்தைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பேன். அங்கே ரேகை இருந்தால் நீ இன்னும் சொல்லவில்லை. ஒன்றுமே இல்லாமல் வழவழவென்று சுத்தமாக இருந்தால் சொல்லிவிட்டாய் என்று எடுத்துக்கொள்கிறேன், அன்றைக்குத்தான் எனக்கு ரசிகை வேலை மறுபடி ஆரம்பிக்கும். நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், நீ இழுக்கிற மூச்செல்லாம் சத்தமில்லாமல் உள்ளே போய் சத்தமில்லாமல் வெளியே வரணும், நீ நினைத்த நாற்காலியில் நீ உட்காரணும், அதில் உட்கார உனக்கு உடம்பும் இருக்கணும், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் அதுதான். தலைக்குக் குளித்தால் துவட்டிவிட்டுப் படு. கிளவுஸைக் கழற்றாதே.

இப்படிக்கு,
ஓரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் உன் அம்மா